நான்கு ஏஜென்ட், ஒரே ரெப்போ

தானாக நிரல் எழுதும் ஏஐ கருவியான ஒரு கோடிங் ஏஜென்ட்டிடம் வேலை வாங்கப் பழகியவருக்கு அடுத்து வரும் ஆசை, நான்கை ஒரே நேரத்தில் ஓட விட்டால் என்ன என்பதுதான். ஓட விடுவது எளிது. நான்கு டெர்மினலைத் திறந்து நான்கு ப்ராம்ப்ட் (வேலையைச் சொல்லும் வாசகம்) கொடுத்தால் போதும். அவை திரும்பி வரும்போதுதான் கஷ்டம் தொடங்குகிறது. நான்கின் வேலையும் ஒரே ரெப்போவின் (நிரல் களஞ்சியத்தின்) மெயின் பிராஞ்ச்சில், அதாவது முதன்மைக் கிளையில், சேர வேண்டும், சேர்ந்த பிறகும் மென்பொருள் ஓட வேண்டும். இப்படியொரு வொர்க்ஃப்ளோவை வடிவமைக்கிறவர் ப்ராம்ப்ட்டின் வாக்கியங்களைச் செதுக்கிக்கொண்டே இருந்தால் உழைப்பு தப்பான இடத்தில் போகிறது. வேலையை எங்கே வெட்டுவது, முடிந்தது என்று யார் சொல்வது என்ற இரண்டிலும்தான் உழைக்க வேண்டும்.

பைத்தானின் வெப் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோவில் எழுதி, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வைத்த ஒரு நடுத்தர வெப் அப்ளிகேஷனை மனதில் வைத்துக்கொள்வோம். நான்கு வேலைகள்: இன்வாய்ஸை பிடிஎஃப் ஆக்குவது, மாத அறிக்கை, தேடல், மின்னஞ்சல் நினைவூட்டல். தலைப்பைப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. எந்தெந்த ஃபைலைத் தொடும் என்று எழுதிப் பார்த்தால் கதை மாறிவிடும். நான்கும் செட்டிங்ஸ் ஃபைலைத் தொடும், மூன்று யூஆர்எல் ஃபைலைத் தொடும், இரண்டு ஒரே மாடலில் (டேட்டாபேஸ் டேபிளை விவரிக்கும் கோட்) புதிய ஃபீல்ட் சேர்க்கும். ஆகவே வேலையைத் தலைப்பின்படி பிரிக்கக் கூடாது, ஃபைலின்படி பிரிக்க வேண்டும். ஒரே ஃபைல் தேவைப்படும் இரண்டு வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓட வேண்டும்.

செட்டிங்ஸ், யூஆர்எல், ரிக்வயர்மென்ட்ஸ் போன்ற பொது ஃபைல்களை இந்த நான்கில் எந்த ஏஜென்ட்டுக்கும் கொடுக்காமல் இருப்பது நல்லது. முதல் கட்டத்தில் ஒரே ஒரு ஏஜென்ட், அல்லது மனிதரே, மாடல் மாற்றங்கள், மைக்ரேஷன்கள் (டேட்டாபேஸின் அமைப்பை மாற்றும் ஃபைல்கள்), ஃபங்ஷன்களின் பெயரும் ஆர்க்யுமென்ட்டும், யூஆர்எல் வரிகள் இவற்றை மட்டும் எழுதி மெயினில் சேர்த்துவிட வேண்டும். ஃபங்ஷன்களின் உள்ளே ஒன்றும் இருக்காது. அதன் பிறகே நான்கும் பிரிந்து போகலாம். இந்தக் கட்டத்தைத் தவிர்த்தால் ஜாங்கோவில் என்ன நடக்கும் என்பது தெரிந்ததே. இரண்டு ஏஜென்ட்டும் தனித்தனியே 0042 என்று தொடங்கும் மைக்ரேஷனை உருவாக்கும். ஃபைலின் மிச்சப் பெயர் வேறு என்பதால் கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் சத்தமில்லாமல் மெர்ஜ் செய்துவிடும், அதாவது ஒன்றாகச் சேர்த்துவிடும். மைக்ரேட் செய்யும்போதுதான் மைக்ரேஷன் மரத்தில் இரண்டு நுனிகள் இருக்கின்றன என்று ஜாங்கோ நின்றுவிடும்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கார்டு எழுத வேண்டும், ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல். என்ன வேண்டும், தொடலாம் என்ற ஃபைல்கள், தொடக் கூடாத ஃபைல்கள், சோதிக்கும் கட்டளை, எந்த நிலையில் நிறுத்திக் கேட்க வேண்டும் என்பவை அதில் இருந்தால் போதும். கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நிறுத்தலாம் என்று அனுமதி இல்லாத ஏஜென்ட், தடைபட்ட இடத்தில் ஏதாவது ஊகித்துக்கொண்டு மேலே போய்விடும்.

ஏஜென்ட்டுகளைப் பிரித்து வைக்க கிட் வொர்க்ட்ரீ போதும். 2015 ஜூலையில் வந்த கிட் 2.5 முதல் இது இருக்கிறது. ஒரே ரெப்போவின் சரித்திரத்தைப் பகிர்ந்துகொண்டு, ஒவ்வொரு பிராஞ்ச்சுக்கும் தனி ஃபோல்டர். ஒரே பிராஞ்ச்சை இரண்டு ஃபோல்டரில் திறக்க கிட் தானாகவே மறுக்கும். ஆனால் வொர்க்ட்ரீ பிரித்துக் கொடுப்பது ஃபைல்களை மட்டும்தான். மற்றவை பொதுவாகவே இருக்கின்றன, அடி விழுவதும் அங்கேதான்.

முதலில் ஸ்டாஷ், இன்னும் பதியாத மாற்றங்களைக் கிட் ஒதுக்கி வைக்கும் இடம். அது எல்லா வொர்க்ட்ரீக்கும் ஒன்றே. ஓர் ஏஜென்ட் தன் மாற்றங்களை ஸ்டாஷில் ஒதுக்கி வைத்த நேரத்தில் இன்னொன்று பாப் செய்தால் (திரும்ப எடுத்தால்), முதலாவதின் பாதி வேலை இரண்டாவதின் ஃபோல்டரில் வந்து விழும். ஸ்டாஷ் கட்டளையையே தடை செய்துவிட்டு, தற்காலிக கமிட் (கிட்டில் ஒரு பதிவு) போடச் சொல்லலாம்.

அடுத்தது போர்ட், சர்வர் கோரிக்கைகளைப் பெறும் எண். ஜாங்கோவின் டெவலப்மென்ட் சர்வர் வழக்கமாக 8000இல் ஓடும். முதல் ஏஜென்ட்டின் சர்வர் அங்கே ஓடிக்கொண்டிருக்க, இரண்டாவது தன் சர்வர் கிளம்பாததைக் கவனிக்காமல் அதே 8000க்குக் கோரிக்கை அனுப்பி, பதில் வந்ததும் தன் கோட் சரி என்று எழுதிவிடும். சோதித்தது வேறொருவரின் கோட். வொர்க்ட்ரீ எண்ணுக்கு ஏற்ப 8001, 8002 என்று என்வ் ஃபைலில் (அந்தந்தக் கணினிக்கான அமைப்புகளை வைக்கும் ஃபைல்) எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அந்த என்வ் ஃபைல் கிட்டில் இல்லாததால் புதிய வொர்க்ட்ரீயில் தானாக வராது. வெர்ச்சுவல் என்விரான்மென்ட்டும் (பைத்தான் லைப்ரரிகளின் தனி ஃபோல்டர்) அப்படியே. இரண்டையும் உண்டாக்கும் ஸ்கிரிப்ட் முதலிலேயே ஓட வேண்டும்.

மூன்றாவது டெஸ்ட் டேட்டாபேஸ். அசல் டேட்டாபேஸின் பெயருக்கு முன்னால் டெஸ்ட் என்று சேர்த்து ஜாங்கோ அதை உருவாக்கும். டெஸ்டுகளை ஓட்டும் கருவியான பைடெஸ்டை இரண்டு ஏஜென்ட் ஒரே நேரத்தில் ஓட்டினால், பின்னால் வந்தது முன்னாலிருந்த டேட்டாபேஸை அழிக்கப் பார்க்கும். வேறொரு தொடர்பு உயிரோடு இருப்பதால் போஸ்ட்கிரெஸ் மறுக்கும். டெஸ்ட் எரரோடு நிற்கும். அந்த எரர் தன் கோடால் வந்ததல்ல என்று ஏஜென்ட்டுக்குத் தெரியாது. சரிசெய்கிறேன் என்று செட்டிங்ஸ் ஃபைலில் கை வைக்கும். வொர்க்ட்ரீக்கு ஒரு டேட்டாபேஸ் பெயர் கொடுத்தால் இது முழுவதும் தீரும்.

இவற்றையெல்லாம் நடத்துவது யார்? இன்னொரு மொழி மாதிரியை மேனேஜராக உட்கார வைக்கும் ஆசை எழும். நான் அதை ஆதரிப்பதில்லை. வேலையைப் பிரித்துக் கார்டு எழுத அதன் உதவி வேண்டும். கார்டை எடுத்துக் கொடுப்பது, நேரம் பார்ப்பது, முடிவைப் பதிவது எல்லாம் சாதாரண பைத்தான் ஸ்கிரிப்ட்டின் வேலை. மேனேஜர் ஏஜென்ட்டின் கான்டெக்ஸ்ட் (ஒரு நேரத்தில் அது நினைவில் வைக்கக்கூடிய உரை) நிரம்ப நிரம்ப, பழையவற்றைச் சுருக்கி வைக்கும்போது மூன்றாம் கார்டின் நிபந்தனை காணாமல் போகும். ஸ்கிரிப்ட் எதையும் மறப்பதில்லை. ஒவ்வொரு கார்டின் நிலையும் ஒரு ஜேசன் ஃபைலில் இருக்கட்டும், அதை ஸ்கிரிப்ட் மட்டுமே எழுதட்டும். ஏஜென்ட்டே கார்டை எடுக்கும்படி அமைத்தால், கார்டின் பெயரில் எம்கேடிர் கட்டளையால் ஒரு ஃபோல்டரை உருவாக்கிப் பூட்டாக வைக்கலாம். இரண்டு பேர் ஒரே கணத்தில் முயன்றாலும் ஒருவருக்குத்தான் அது வெற்றி தரும். நேர வரம்புக்கு லினக்ஸின் டைம்அவுட் கட்டளை இருக்கிறது. நேரம் முடிந்து நிறுத்தினால் எக்ஸிட் கோட், அதாவது கட்டளை முடியும்போது தரும் எண், 124 என்று வரும்.

தோற்ற கார்டுக்கு இன்னொரு வாய்ப்பு தரலாம், பழைய உரையாடலைத் தொடர்ந்து அல்ல. அந்த உரையாடலில் தவறான ஊகம் ஏற்கெனவே ஊறிக் கிடக்கிறது. கார்டையும் எரரின் கடைசி ஐம்பது வரிகளையும் மட்டும் கொடுத்துப் புதிதாகத் தொடங்க வேண்டும். இரண்டாவது முறையும் தோற்றால் மனிதரிடம் வரட்டும். அங்கே பிழை பெரும்பாலும் கார்டில் இருக்கும்.

இனி "முடிந்தது" என்ற சொல். ஏஜென்ட் எழுதும் அந்தச் சொல்லுக்கு வொர்க்ஃப்ளோவில் எந்த மதிப்பும் இருக்கக் கூடாது. ஏஜென்ட் வெளியேறிய பிறகு ஸ்கிரிப்ட் தானே சோதனையை ஓட்டி எக்ஸிட் கோடைப் பார்க்க வேண்டும். பைடெஸ்ட்டில் 0 என்றால் எல்லாம் தேறியது, 1 என்றால் சில தோற்றன, 5 என்றால் ஓட்ட ஒரு டெஸ்டும் கிடைக்கவில்லை. இதிலும் ஓட்டைகள் உண்டு. கான்டெக்ஸ்டை மிச்சப்படுத்த ஏஜென்ட்டுகள் டெஸ்டின் வெளியீட்டை, கடைசி வரிகளை மட்டும் காட்டும் டெயில் கட்டளைக்குக் குழாய் போட்டு அனுப்புவது வழக்கம். அப்போது ஷெல் திருப்பித் தருவது டெயிலின் எக்ஸிட் கோட், பைடெஸ்ட்டினுடையது அல்ல. குழாயில் எது தோற்றாலும் தோல்வி என்று காட்டும் பைப்ஃபெயில் அமைப்பைப் போடாத ஷெல்லில் தோற்ற டெஸ்டும் 0 என்று வரும். ஏஜென்ட் பொய் சொல்லவில்லை, பார்த்ததைத்தான் சொல்கிறது.

அதைவிடக் கவலைக்குரியது டெஸ்டையே மாற்றிவிடுவது. தோற்கும் டெஸ்டுக்கு ஸ்கிப் அடையாளம் போட்டாலும் எக்ஸிட் கோட் 0தான். ஆகவே தேறிய டெஸ்டுகளின் எண்ணிக்கையை மெயினோடு ஒப்பிட வேண்டும். குறைந்தால் நிறுத்த வேண்டும். பழைய டெஸ்ட் ஃபைலில் ஒரு வரி மாறியிருந்தாலும் அந்த டிஃப் (மாறிய வரிகளின் பட்டியல்) மனிதர் கண்ணுக்கு வர வேண்டும். கார்டில் அனுமதிக்காத ஃபைல் மாறியிருக்கிறதா என்று கிட் டிஃப்பின் பெயர்ப் பட்டியலோடு ஒப்பிட ஐந்து வரி ஸ்கிரிப்ட் போதும். மாடல் மாறியும் மைக்ரேஷன் எழுதாமல் விட்டிருக்கிறதா என்று பார்க்க, மேக்மைக்ரேஷன்ஸ் கட்டளையைச் செக் ஆப்ஷனோடு ஓட்டுவதையும் இங்கேயே சேர்த்துவிடலாம்.

ரிவ்யூவுக்கு இன்னொரு ஏஜென்ட் வைப்பது பயன் தரும், அதற்குக் கார்டும் டிஃப்பும் மட்டுமே கொடுத்தால். எழுதிய ஏஜென்ட்டின் விளக்கத்தையும் சேர்த்துக் கொடுத்தால் அந்த விளக்கத்துக்குத் தலையாட்டிவிடும். குறை கண்டுபிடி என்றால் ஏதாவது ஒரு குறையைக் கண்டுபிடித்தே தீரும் என்பதும் உண்மை. எந்த உள்ளீட்டில் எந்த வரி உடையும் என்று தோற்கும் ஒரு டெஸ்டாக எழுதிக் காட்டச் சொன்னால் பாதிக் குறைகள் தாமாகவே விலகிவிடும்.

மெர்ஜ் எப்போதும் ஒற்றை வரிசை. முதல் பிராஞ்ச் சேர்ந்ததும் இரண்டாவதை அந்தப் புதிய மெயின்மேல் ரீபேஸ் செய்து (அதன் மாற்றங்களை அங்கே மறுபடி அடுக்கி), முழு டெஸ்டையும் மறுபடி ஓட்டி, பிறகே சேர்க்க வேண்டும். தனியே ஓட்டியபோது தேறியதே என்ற வாதம் செல்லாது. ஒருவர் ஒரு ஃபங்ஷனின் ஆர்க்யுமென்ட் பெயரை மாற்றியிருப்பார். இன்னொருவர் வேறொரு ஃபைலில் பழைய பெயரோடு அதை அழைத்திருப்பார். கிட்டுக்கு இதில் மோதலே தெரியாது. ஏஜென்ட்டுகள் வருவதற்கு வெகு முன்பே ரஸ்ட் மொழித் திட்டம் இதற்காக போர்ஸ் என்ற தானியங்கி நிரலை வைத்திருந்தது. கிட்ஹப்பிலும் 2023 முதல் மெர்ஜ் கியூ (வரிசைப்படி மெர்ஜ் செய்யும் வசதி) இருக்கிறது. புதிதாக எழுத வேண்டியதில்லை. மெயினுக்குப் புஷ் செய்யும் உரிமை அந்த வரிசைக்கு மட்டும் இருக்கட்டும். ஏஜென்ட்டின் என்வ் ஃபைலில் ப்ரொடக்‌ஷன் கடவுச்சொல் எக்காரணம் கொண்டும் இருக்கக் கூடாது.

செலவையும் சொல்ல வேண்டும். ஆந்த்ரோபிக் 2025 ஜூனில் தன் ஆய்வு ஏஜென்ட் அமைப்பைப் பற்றி எழுதியபோது, சாதாரண உரையாடலைவிட ஓர் ஏஜென்ட் சுமார் 4 மடங்கும் பல ஏஜென்ட் அமைப்பு சுமார் 15 மடங்கும் டோக்கன் (மொழி மாதிரி கையாளும் உரைத் துண்டு) செலவழிப்பதாகச் சொன்னது. உண்மையிலேயே பக்கவாட்டில் பிரிக்கக்கூடிய வேலை, ஆய்வைவிடக் கோடிங்கில் குறைவு என்பதையும் அதிலேயே குறிப்பிட்டிருந்தது. வெட்ட இடமில்லாத வேலையை நான்காகக் கிழித்தால் மெர்ஜில் இரட்டிப்பு நேரம் போகும்.

எத்தனை ஏஜென்ட் என்பதைக் கணினியின் வேகம் தீர்மானிப்பதில்லை. டிஃப் படிக்கும் மனிதரே தீர்மானிக்கிறார். ஒருவர் கவனத்தோடு படிக்கக்கூடிய அளவுக்கு மூன்று, நான்கு சரி; எட்டாக்கினால் மோதக்கூடிய ஜோடிகள் 6இலிருந்து 28 ஆகும், படிப்பவர் மேலோட்டமாகப் பார்த்து ஒப்புதல் கொடுக்கத் தொடங்குவார். இரவு ஓட விட்டுக் காலையில் பார்ப்பதானால், தேறியவற்றை விட்டுவிட்டுச் சிக்கி நின்ற கார்டுகளை முதலில் திறப்பது நல்லது. பட்டியலில் விட்டுப்போன ஃபைல் எது, முதல் கட்டத்தில் தீர்மானிக்காமல் விட்ட ஃபங்ஷன் எது என்பது அங்கேதான் தெரியும். மீதி வேலையை ஓட விடும் முன் அந்தக் கார்டுகளைத் திருத்தி எழுத அரை மணி நேரம் ஆகும்.