ஒன்பதாம் பக்கம்

பிப்ரவரி 3, 2025, திங்கள்
சனிக்கிழமை தம்பி ஏறிப்போன போட்டு. இன்னும் சேதி இல்லை.

பிப்ரவரி 4
இலங்கை நேவி பிடித்துவிட்டதாம். மன்னாராம். விளக்கமறியலாம், ரிமாண்டை அங்கே அப்படித்தான் சொல்வார்களாம். அம்மா காதில் விளக்கு மட்டும்தான் விழுந்தது. "ராத்திரியும் லைட்ட அணைக்க மாட்டாங்களா? அவனுக்கு வெளிச்சத்துல தூக்கம் வராதே" என்றாள்.

பிப்ரவரி 6
தூக்கம் வராமல் படக்கதை வரைந்தேன். எட்டுப் பக்கம் ஆகிவிட்டது. கதையில் வரும் பையனுக்குப் பதினாறு வயது. ஆறாம் பக்கத்தில் திருக்கை அடித்து உடம்பில் கரண்ட் ஏறுகிறது. விடிகிற நேரத்தில்தான் உறைத்தது: இது அப்படியே இரும்புக்கை மாயாவி! கரண்ட் பட்டால் ஆள் மறைந்து கை மட்டும் அந்தரத்தில் நிற்குமே, அதே கதை. 1972-ல் முத்து காமிக்ஸ் ஆரம்பித்ததே அவரை வைத்துத்தான். அப்பாவின் தகரப் பெட்டியில் அட்டை போன இதழ்கள் இன்னும் கிடக்கின்றன. "மொதல்ல அவன் திருடத்தான் போனான், திருந்துனதெல்லாம் பிறகு" என்பார் அப்பா. அதனால்தான் அவருக்கு அவனைப் பிடிக்கும்.

கரண்டை அழித்தேன். தாள் கிழிந்துவிட்டது.

பிப்ரவரி 7
அம்மா கடல்பாசி எடுக்கப் போய்விட்டாள். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடிக்குமாம். பழைய சேலையைக் கிழித்து ஒவ்வொரு விரலாகச் சுற்றி, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டாள். சாயங்காலம் அவிழ்த்தபோது நகக்கண்ணெல்லாம் வெளுத்து, கட்டைவிரலில் பாறை கிழித்த கோடு. மரிக்கொழுந்து பாசி அரைப் பைதான் கிடைத்ததாம். அந்தக் கையை வரைய வேண்டும். பையனின் கை இதுதான்.

பிப்ரவரி 9
பிடித்துவிட்டேன்! அவன் கைக்கு வலை கட்டுப்படும். கயிறு, போட்டு இழுக்கிற மடி வலை, தூண்டில் நரம்பு, முடிச்சு உள்ள எதுவும். விரலை மடக்கினால் கடலுக்கு அந்தப்பக்கம் கிடக்கிற வலைகூட ஊர்ந்து வரும். சரி, முதல் தடவை அவன் எதை இழுப்பான்? அங்கேயே நிற்கிறது ஒன்பதாம் பக்கம்.

பிப்ரவரி 11
கச்சத்தீவு திருவிழாவுக்குப் பேர் கொடுக்கச் சொல்கிறார்கள். அம்மா கொடுத்துவிட்டாள். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருபவர்தான் அந்தோணியார். இவன் எங்கே இருக்கிறான் என்று தெரியுமே, அவருக்கு என்ன வேலை?

பிப்ரவரி 14
28 வரை நீட்டித்துவிட்டார்கள். வக்கீலோட போனில் தம்பி இரண்டு நிமிஷம் பேசினான். சாப்பாடு பரவாயில்லையாம். அப்புறம் குரலை இறக்கி, "அக்கா, அந்தப் பக்கத்து ஆளுங்க வலை நம்ம மடியில சிக்கி வந்துச்சு. அறுத்துவிட்டுட்டோம். மிதவை கேன்ல பேரு எழுதியிருந்துச்சு. தமிழ்ல" என்றான்.

என்ன பேர் என்று கேட்பதற்குள் கட்டாகிவிட்டது.

பிப்ரவரி 15
என்ன பேர்?

பிப்ரவரி 16
பூசையிலும் அதே நினைப்பு. பெயிண்டில் எழுதியிருப்பார்களா, சுட்ட கம்பியாலா? மகள் பேராக இருக்குமா? இலங்கையில் 2017-லேயே இழுவை மடிக்குத் தடை போட்டுவிட்டார்கள். நம் போட்டு ஒருதரம் இழுத்துப் போனால் அவர்கள் வலை நூலாகத்தான் மிஞ்சும். சண்டை முடிந்து கடலுக்குத் திரும்பிய ஆட்கள், கடனுக்கு வாங்கிய வலை. இங்கே எந்தக் கூட்டத்திலும் நேவி பேச்சுதான். கேன் பேச்சு எழாது. வெளியாள் கேட்டால் நானும் நேவியைத்தான் சொல்வேன். என் தம்பி உள்ளே இருக்கிறான். அவனுக்கு இருபது வயது. போட்டு அவனுடையது இல்லை, மடி அவனுடையது இல்லை. கத்தி?

பிப்ரவரி 17
இன்றைக்கும் போட்டுகள் போயின.

பிப்ரவரி 20
பையனைப் பாம்பன் தூக்குப்பாலத்தின் உச்சியில் உட்கார வைத்தேன். 1914-ல் கட்டிய இரும்பு. ரயில் நின்று இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது, ஒருத்தரும் விரட்ட மாட்டார்கள். இரும்புச் சட்டங்களுக்குக் கோடு போட்டே மணிக்கட்டு வலிக்கிறது. அவன் விரலை மடக்குகிறான். தண்ணீருக்கு மேல் வெள்ளை வெள்ளையாகக் கேன்கள் வருகின்றன. ஒன்பதாம் பக்கம் முடிந்தது.

பிப்ரவரி 23
அம்மாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.
"மூக்க மாத்து."
"ஏம்மா?"
"யாராவது பாத்தா நம்ம பிள்ளைன்னு சொல்லிருவாங்க."

பிப்ரவரி 25
மூக்கை மாற்றினேன். வேறு யாரோ ஆகிவிட்டான். பழையபடியே வரைந்துவிட்டேன்.

பிப்ரவரி 27
அம்மா அவன் நீலச் சட்டையை இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டியிருக்கிறாள். கேன்களில் இன்னும் எதுவும் எழுதவில்லை. நாளைக்குக் கோர்ட். போனில் சார்ஜ் ஏற்றியாயிற்று.