கினபாலுவில் உச்சிக்குக் கீழே

மலேசியாவின் சபா மாநிலத்திலுள்ள கினபாலுப் பூங்காவுக்குப் போய் வந்தேன் என்றால் "உச்சி வரை ஏறினீர்களா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். 4,095 மீட்டர் உயர மலைக்கு அது இயல்பான கேள்வியே. ஆனால் 1964-இல் அமைந்த இப்பூங்காவுக்கு 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுரிமைத் தகுதி கிடைத்தது அதன் உயிரினப் பன்மைக்காகத்தான்; அந்தச் செல்வத்தின் பெரும்பகுதி உச்சிப் பாறைக்கு வெகு கீழே, மழைக்காட்டுக்குள் இருக்கிறது.

சபாவின் தலைநகரான கோத்தா கினபாலுவிலிருந்து சாலை வழியே இரண்டு மணி நேரத்தில், சுமார் 1,560 மீட்டர் உயரத்திலுள்ள பூங்காத் தலைமையகத்தை அடையலாம். அங்கிருந்து பிரியும் காட்டுப் பாதைகளுக்கு மலையேற்ற அனுமதியோ வழிகாட்டியோ தேவையில்லை. எனக்குப் பிடித்தது, ஓடையை ஒட்டிச் செல்லும் சிலாவ்-சிலாவ் பாதை. ஓக் மரங்களின் தண்டில் ஈரப்பாசி கனமாகப் படிந்திருக்கும். அதற்குள் வேர்விட்ட ஆர்க்கிட்களில் சிலவற்றின் பூ அரிசி மணியைவிடச் சிறியது என்பதால், இங்கே தொலைநோக்கியைவிட உருப்பெருக்கிக் கண்ணாடியே அதிகம் பயன்படும். நண்பகலுக்குள் மூடுபனி இறங்கிவிடுவது வழக்கமாகையால் காலையிலேயே நடக்கத் தொடங்குவது நல்லது.

பூச்சிகளைப் பிடிக்கும் குடுவை வடிவ இலைகள் கொண்ட குடுவைச்செடிகளைத் தலைமையகத்தின் தாவரத் தோட்டத்தில் அருகிலிருந்து பார்க்கலாம். அவற்றுள் பெரியதான நெப்பந்தஸ் ராஜா, கினபாலுவிலும் அண்டையிலுள்ள தம்புயுக்கோன் மலையிலும் மட்டுமே இயற்கையாக வளர்கிறது. அதன் குடுவை இரண்டு லிட்டருக்கு மேல் நீர் கொள்ளும். பூச்சிகளை உண்ணும் செடி என்று இதைச் சொல்வது பாதி உண்மைதான். மூடியின் உட்புறம் சுரக்கும் இனிப்பை நக்குவதற்காக மர மூஞ்சூறு குடுவையின் விளிம்பில் ஏறி அமர்கிறது. மூடிக்கும் வாய்க்கும் உள்ள இடைவெளி அதன் உடல் நீளத்துக்குப் பொருந்துவதால், அது இடும் எச்சம் நேராக உள்ளே விழுகிறது. சத்தற்ற மண்ணில் வேரூன்றிய செடிக்கு வேண்டிய நைட்ரஜன் இவ்வாறு வந்து சேர்கிறது.

அட்டைக்கு அஞ்சி இக்காட்டைத் தவிர்ப்பவர்களுக்கு ஒரு செய்தி: இம்மலையின் புகழ்பெற்ற பெரிய செவ்வட்டை மனித இரத்தத்தை நாடுவதில்லை. பெருமழைக்குப் பின் வெளிவரும் கினபாலுவின் நீண்ட மண்புழுவைத் தேடிப் பிடித்து, நூலை உறிஞ்சுவதுபோல் முழுதாக விழுங்கிவிடுவதே அதன் தொழில்.