ஆறு கணினிகளும் கொஞ்சம் பேட்ச் ஃபைல்களும்

பிரிண்டர் நின்றுவிட்டால் எங்கள் கடையில் யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. டெஸ்க்டாப்பில் 'பிரிண்டர் சரி' என்று ஒரு ஐகான் இருக்கிறது. டபுள் கிளிக் செய்தால் கருப்பு விண்டோ ஒன்று வரும், நாலு வரி ஓடும், வேலை முடிந்துவிடும்.

கடை தென்காசியில். ஜெராக்ஸ், டிடிபி, ஆன்லைன் விண்ணப்பம், மனு டைப் செய்வது எல்லாம் உண்டு. ஆறு கணினிகள், வேலைக்கு இரண்டு பெண்கள். நான் பாதி நேரம் பேப்பர், டோனர் என்று வெளியே அலைந்துகொண்டிருப்பேன். அதனால் எனக்கு வேண்டியது, நான் இல்லாதபோதும் கடை ஓட வேண்டும். இதற்காக யாரும் ஜாவா, பைத்தான் படிக்க வேண்டியதில்லை. கட்டளைகளை வரிசையாக எழுதி வைக்கிற பேட்ச் ஃபைலும், விண்டோஸோடு வரும் இன்னொரு கட்டளை மொழியான பவர்ஷெல் கொஞ்சமும் போதும். கட்டளைகளை இங்கே உச்சரிப்பாகத் தமிழிலேயே எழுதுகிறேன், நோட்பேடில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு வேலைக்கு ஒரு ஃபைல், அதுவும் நோட்பேடில் திறந்தால் ஸ்க்ரோல் செய்யாமல் முழுதும் தெரிய வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, மெனு வைத்து, '1 அழுத்தினால் பிரிண்டர், 2 அழுத்தினால் பேக்கப்' என்று எழுதுவது எழுதுகிறவருக்கு நன்றாக இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற பெண்ணுக்கு அதில் ஏதாவது கோளாறு வந்தால் எங்கே கை வைப்பது என்று தெரியாது.

பிரிண்டர் சமாசாரத்துக்கே வருகிறேன். பிரிண்ட் கொடுத்ததும் அது நேராக பிரிண்டருக்குப் போவதில்லை. ஸ்பூலர் என்கிற சர்வீஸ் அதை வாங்கி, விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்கிற ஃபோல்டரில் வைக்கும். ஒவ்வொரு பிரிண்டுக்கும் இரண்டு ஃபைல்கள். எஸ்பிஎல் என்று முடிவதில் அச்சாக வேண்டிய பக்கம் இருக்கும். எஸ்எச்டி என்று முடிவதில் யார் கொடுத்தது, எந்த பிரிண்டருக்கு என்கிற விவரம் இருக்கும். பாதியில் கெட்டுப்போன ஒன்று வரிசையில் முதலில் நின்றுவிட்டால் பின்னால் வருவதெல்லாம் காத்துக்கொண்டே இருக்கும். பிரிண்டரை அணைத்துப் போட்டாலும், கணினியையே ரீஸ்டார்ட் செய்தாலும் பல நேரம் பலன் இல்லை. ஃபைல் டிஸ்கில் அப்படியே கிடக்கிறது, ஸ்பூலர் எழுந்ததும் அதையே மறுபடி எடுக்கிறது. சர்வீஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அதை அழிக்கவும் விடாது.

ஆகவே முதல் வரி 'நெட் ஸ்டாப் ஸ்பூலர்'. இரண்டாவது, 'டெல்' கொடுத்து அந்த ஃபோல்டரில் உள்ளதையெல்லாம் அழிப்பது. மூன்றாவது 'நெட் ஸ்டார்ட் ஸ்பூலர்'. கடைசி வரி 'பாஸ்', அது இல்லாவிட்டால் விண்டோ மின்னி மறைந்துவிடும், உள்ளே என்ன எழுதி வந்தது என்றே தெரியாது. இதற்கு அட்மின் அனுமதி வேண்டும். பேட்ச் ஃபைலுக்கு ஒரு ஷார்ட்கட் போட்டு, அதன் பிராப்பர்டீஸில் அட்வான்ஸ்ட் பட்டனுக்குள் 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' டிக் செய்துவிட்டால் போதும். ஒன்று மட்டும் கவனம். வரிசையில் நிற்கிற நல்ல பிரிண்டுகளும் சேர்ந்தே போய்விடும். "யாருக்கும் பிரிண்ட் நிக்குதாண்ணே?" என்று கேட்டுவிட்டுத்தான் ஐகானைத் தொட வேண்டும் என்பது கடைச் சட்டம்.

டிஎன்பிஎஸ்சி அறிவிப்பு வந்தால் கூட்டம் வேறு மாதிரி இருக்கும். புகைப்படம் 20 முதல் 50 கேபி, கையெழுத்து 10 முதல் 20 கேபி. வருகிறவர் போனில் இருப்பதோ மூன்று, நாலு எம்பி. போட்டோஷாப்பில் திறந்து குவாலிட்டியைக் குறைத்து, சைஸ் பார்த்து, மறுபடி குறைத்து என்று ஒவ்வொருவருக்கும் செய்தால் மதியச் சாப்பாடு நாலு மணிக்குத்தான்.

இமேஜ்மேஜிக் என்று ஒரு இலவச மென்பொருள் உண்டு. 1990-இல் வெளிவந்தது, இன்றும் நன்றாக உழைக்கிறது. அதை வைத்து ஒரே வரி: 'மேஜிக்', பிறகு படத்தின் பெயர், 'ரீசைஸ் 413 பெருக்கல் 531', பிறகு 'டிஃபைன் ஜேபெக் எக்ஸ்டென்ட் 45 கேபி', கடைசியில் புதுப் படத்தின் பெயர். 413, 531 எல்லாம் எங்கிருந்து வந்தது என்றால், மூன்றரை சென்டிமீட்டருக்கு நாலரை சென்டிமீட்டர் பாஸ்போர்ட் படத்தை 300 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்கிட்டால் அதுதான் வரும். எக்ஸ்டென்ட் என்பது நீங்கள் சொன்ன அளவுக்குள் அடங்கும்வரை குவாலிட்டியைத் தானே மாற்றி மாற்றிப் பார்க்கும். முன்பு கையால் செய்த அதே வேலை, ஒரு நொடியில். 50 என்று கொடுக்காமல் 45 கொடுப்பது ஓரத்தில் நின்று மாட்டிக்கொள்ளாமல் இருக்க.

ஆனால் அது மேல் எல்லையை மட்டும்தான் பார்க்கும். வெள்ளைத் தாளில் மெல்லிய பேனாவால் போட்ட கையெழுத்து சில சமயம் 10 கேபி-க்குக் கீழே போய்விடும். அதற்கு பேட்ச் ஃபைலிலேயே வழி இருக்கிறது. ஃபார் கட்டளையில் ஃபைலின் அளவை பைட் கணக்கில் எடுத்துத் தரும் ஒரு சின்ன குறியீடு உண்டு. அதை ஒப்பிட்டு, குறைவாக இருந்தால் விண்டோ சிவப்பாக மாறுகிற மாதிரி 'கலர் 4எஃப்' போட்டிருக்கிறேன். சிவப்பைப் பார்த்தால் கையெழுத்தைக் கொஞ்சம் பெரிய அளவில் ஸ்கேன் செய்ய வேண்டும் என்று அர்த்தம்.

பழைய குறிப்புகளில் 'மேஜிக்' என்பதற்குப் பதில் 'கன்வர்ட்' என்று இருக்கும். விண்டோஸில் அதை அப்படியே அடித்துவிடாதீர்கள். விண்டோஸுக்கே கன்வர்ட் என்று ஒரு கட்டளை இருக்கிறது, அது டிஸ்கின் ஃபேட் அமைப்பை என்டிஎஃப்எஸ் ஆக மாற்றுவதற்கு. படத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 7-ஆம் பதிப்பிலிருந்து இமேஜ்மேஜிக்கில் எல்லாவற்றுக்கும் 'மேஜிக்' என்றே ஆரம்பிக்கலாம்.

படத்தை எடுத்து ஐகான் மேல் இழுத்துப் போட்டால் வேலை நடக்கும், ஃபைல் பெயரை அடிக்க வேண்டாம். இழுத்துப் போட்ட ஃபைலை ஸ்கிரிப்ட், அதாவது நம் பேட்ச் ஃபைல், %1 என்ற பெயரில் வாங்கிக்கொள்ளும். நடுவில் ~ போட்டு, சுற்றிலும் மேற்கோள் குறி போட்டு "%~1" என்று எழுதுங்கள். வாட்ஸ்அப்பிலிருந்து இறங்கும் படங்களின் பெயரில் இடைவெளி இருக்கும், மேற்கோள் இல்லாவிட்டால் முதல் சொல்லோடு நின்றுவிடும். முகத்தை மட்டும் வெட்டி எடுக்கிற வேலையை ஸ்கிரிப்டிடம் விடவில்லை. தோள் எவ்வளவு தெரிய வேண்டும், தலைக்கு மேலே எவ்வளவு இடம் என்பதை அந்தப் பெண்கள் ஒரு பார்வையில் செய்துவிடுகிறார்கள்.

தமிழ் எழுத்து வருகிற இடத்தில்தான் தலைவலி. ஃபோல்டருக்கு 'அப்லோடு' என்று தமிழில் பெயர் வைத்து, அதை ஸ்கிரிப்டிலும் எழுதினால் சில நேரம் ஓடும், சில நேரம் குப்பை எழுத்தில் ஒரு புது ஃபோல்டர் முளைக்கும். காரணம் இதுதான். நோட்பேடில் சேவ் செய்யும்போது கீழே என்கோடிங் என்று, எழுத்தை எந்த முறையில் சேமிப்பது என்று கேட்கும் ஒரு பெட்டி இருக்கிறதல்லவா, அதில் 'யூடிஎஃப்-8' என்று ஒன்று, 'யூடிஎஃப்-8 வித் பிஓஎம்' என்று இன்னொன்று. பிஓஎம் என்பது ஃபைலின் தலையில் ஒளிந்திருக்கும் மூன்று பைட்டுகள். பேட்ச் ஃபைலுக்கு அது இருக்கக் கூடாது, இருந்தால் முதல் வரியே புரியவில்லை என்று சொல்லும். அது இல்லாமல் சேவ் செய்து, மேலே 'சிஎச்சிபி 65001' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும், யூடிஎஃப்-8 ஆகப் படி என்று சொல்வது அது. விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1-க்கு நேர் எதிர், பிஓஎம் இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பழைய ஆங்கில என்கோடிங் என்று நினைத்துப் படித்துவிடும். பவர்ஷெல் 7-இல் இந்தத் தொல்லை இல்லை. ஆங்கிலத்தில் மட்டும் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு இது ஆயுசுக்கும் தெரியவராது. கருப்பு விண்டோவிலும் தமிழ் சரியாக வராது, பல கணினிகளில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். எனவே செய்தியெல்லாம் ஆங்கில எழுத்தில், 'ஓகே', 'சைஸ் கம்மி' என்கிற அளவோடு.

பவர்ஷெல் 2006-இல் வந்தது. அதன் ஃபைலை டபுள் கிளிக் செய்தால் ஓடாது, நோட்பேடில் திறக்கும். பலர் கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள். வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். 2000 மே மாதம் 'ஐ லவ் யூ' என்று மின்னஞ்சலில் வந்த விபிஸ்கிரிப்ட் (விண்டோஸின் பழைய ஸ்கிரிப்ட் மொழி) ஃபைலை ஆளாளுக்கு டபுள் கிளிக் செய்து உலகம் முழுக்கக் கணினிகள் படுத்தன. அந்த மாதிரி மறுபடி ஆகக் கூடாது என்கிற ஜாக்கிரதை. விபிஸ்கிரிப்டையே விண்டோஸிலிருந்து படிப்படியாக எடுக்கப்போவதாக 2023-இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டது, பழசு ஏதாவது வைத்திருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

அப்புறம் ராத்திரி வேலை. எனக்கு எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான். நாள் முழுக்க வந்துபோகிறவர்களின் ஆதார், வங்கி பாஸ்புக், சாதிச் சான்றிதழ் எல்லாம் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் குவிந்துவிடும். பாஸ்வேர்டு இருக்கிறதே என்று நினைக்கலாம். இ-ஆதார் பிடிஎஃப்பின் பாஸ்வேர்டு பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும். கடைக்கு வருகிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஃபைல் கையில் இருந்து ஆள் யாரென்று தெரிந்தால் அதற்குப் பூட்டு இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

வாடிக்கையாளர் உட்காரும் கணினிகளில் குரோம் ஷார்ட்கட்டின் முடிவில் இரண்டு கோடு போட்டு 'கெஸ்ட்' என்று சேர்த்திருக்கிறேன். விண்டோவை மூடியதும் லாகின், ஹிஸ்டரி எல்லாம் போய்விடும், ஜிமெயிலைத் திறந்து வைத்துவிட்டுப் போகிற கதை இல்லை. ஆனால் இறக்கிய ஃபைல்கள் போகாது. அதற்கு 'ஃபார்ஃபைல்ஸ்' என்ற கட்டளை. ஒரு ஃபோல்டரைச் சொல்லி, /டி -1 என்று கொடுத்தால் நேற்றும் அதற்கு முன்பும் வந்த ஃபைல்களை ஒவ்வொன்றாக எடுத்து நீங்கள் சொன்னதைச் செய்யும். நான் சொன்னது அழி என்று. ஒரு நாள் விட்டு வைப்பதற்குக் காரணம், காலையில் விண்ணப்பித்தவர் சாயங்காலம் 'அந்த ரசீது இன்னொன்னு எடுத்துக் குடுங்க' என்று வருவார். இதை எழுதுகிறவர்கள் முதலில் 'டெல்' இருக்க வேண்டிய இடத்தில் 'எக்கோ' போட்டு ஓடவிட்டுப் பாருங்கள். என்னென்ன அழியும் என்று பெயர்களை மட்டும் காட்டும். பட்டியல் சரியாக இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். இப்படி அழித்தது ரீசைக்கிள் பின்னுக்கும் போவதில்லை.

டிடிபி ஃபைல்களை மட்டும் அழிக்கவே முடியாது. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்தவர்கள் அடுத்த வருடம் அதே படத்தோடு முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்கு வருவார்கள். அவர்களிடம் அந்தப் படம் இருக்காது, எங்களிடம்தான் இருக்கும். அவற்றுக்கு ரோபோகாப்பி என்கிற விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளை, தினமும் என் கணினியில் உள்ள தனி டிஸ்குக்கு. இதில் /எம்ஐஆர் போட்டால் இங்கே அழித்தது அங்கேயும் அழியும், அதனால் போடுவதில்லை. எத்தனை தடவை முயல்வது என்கிற /ஆர், நடுவில் எத்தனை விநாடி பொறுப்பது என்கிற /டபிள்யூ, இரண்டையும் கட்டாயம் போட வேண்டும். ஏதாவது ஒரு ஃபைலை எடுக்க முடியாவிட்டால் ரோபோகாப்பி 30 விநாடி பொறுத்து மறுபடி முயலும். எத்தனை தடவை? நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் 10 லட்சம் தடவை. பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட 347 நாள். யாரோ கோரல்டிராவில் ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திறந்தபடி விட்டுப்போனதற்காக வருஷம் முழுக்கக் காத்திருக்கும் விசுவாசம். /ஆர்:2, /டபிள்யூ:5 என்று நிறுத்திவிடுகிறேன்.

இதையெல்லாம், சொன்ன நேரத்தில் தானே ஓடவைக்கிற விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் ராத்திரி ஒன்பது மணிக்கு வைத்திருக்கிறேன். அங்கே மூன்று இடங்களில்தான் எல்லாரும் சறுக்குவது. 'லாகின் செய்யாவிட்டாலும் ஓடட்டும்' என்று வைத்தால் இசட் டிரைவ் என்று நாம் வைத்த நெட்வொர்க் டிரைவ் அதற்குத் தெரியாது, கணினியின் பெயரோடு முழுப் பாதையும் தர வேண்டும். லேப்டாப் என்றால் 'கரன்ட் இருந்தால் மட்டும்' என்ற டிக் தானாகவே போட்டிருக்கும். அப்புறம், முடிவு 0எக்ஸ்1 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். ரோபோகாப்பி விஷயத்தில் 1 என்றால் ஃபைல்கள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தன என்று பொருள். 8, அதற்கு மேல் வந்தால்தான் கவலை. எல்லாம் முடிந்ததும் 'ஷட்டவுன்' ஐந்து நிமிட அவகாசத்தோடு வரும். கடைசி நேரத்தில் யாராவது ஓடி வந்தால் 'ஷட்டவுன் /ஏ' நிறுத்திவிடும், அதற்கும் ஒரு ஐகான்.

அரசுத் தளங்களில் ஃபார்மைத் தானே நிரப்புகிற ஸ்கிரிப்ட் எழுதித் தரச் சொல்லிப் பக்கத்துக் கடைக்காரர்கள் கேட்கிறார்கள். நான் அதில் இறங்குவதில்லை. ஓடிபி-யும் கேப்ச்சாவும் இருக்கிற இடத்தில் ஆள் உட்கார்ந்தே தீர வேண்டும், அப்புறம் தளத்தில் ஒரு பெட்டி இடம் மாறினால் அப்பா பெயர் ஊர்ப் பெயரில் போய் உட்காரும்.

மனுவுக்கு மட்டும் ஆட்டோஹாட்கீ வைத்திருக்கிறேன், சுருக்கெழுத்தை அடித்தால் முழு வாசகத்தையும் தானே அடித்துத் தரும் மென்பொருள் அது. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர் நாள், காலை எட்டரைக்கே கூட்டம் வந்துவிடும். எம் எழுத்தை இரண்டு தடவை அடித்து ஸ்பேஸ் தட்டினால் அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள், 'இப்படிக்கு' வரை எலும்புக்கூடு முழுதும் வந்து நிற்கும், தேதியும் இடமும் உட்பட. ஆட்டோஹாட்கீயின் பழைய பதிப்பிலும் தமிழுக்கு பிஓஎம் வேண்டும், 2-ஆம் பதிப்பில் தேவையில்லை. பொருள் என்ற வரியை வேண்டுமென்றே காலியாக விட்டிருக்கிறேன். 'பட்டா மாறுதல் தொடர்பாக' என்றே போட்டு வைக்கலாம், பாதி மனு அதுதான், என்று கடைப் பெண் சொன்னாள். மீதிப் பாதியில் முதியோர் உதவித்தொகை கேட்டு வந்த ஒரு பாட்டியின் மனுவும் பட்டா மாறுதல் என்ற தலைப்போடு பிரிண்டாகி, அவருக்குப் படிக்கவும் தெரியாமல், நேராக கலெக்டர் கைக்குப் போய்விடும் என்றேன். சரி என்று அவள் வேறொன்று செய்தாள். கர்சர் காலியான பொருள் வரியில் போய் நிற்கிற மாதிரி, எலும்புக்கூடு விழுந்ததும் அம்புக்குறி விசையை மேலே தேவையான தடவை அழுத்தச் சொல்லி ஆட்டோஹாட்கீயில் அவளே ஒரு வரி சேர்த்துவிட்டாள்.