பாட்டில்லாத படத்துக்கு எந்தப் புத்தகம்?

“அது எங்க வருசத்துப் படம் இல்ல தம்பி, உங்க வருசத்துப் படம்.”

எங்கள் கண்காட்சிக்குப் பழைய புத்தகங்கள் கொண்டுவந்த ஆச்சி இதைச் சொன்னபோது ஏழு படங்களின் பெயரும் அட்டை எழுதுபவர் கைக்குப் போய்விட்டது. 1954-இன் முக்கியமான தமிழ்ப் படங்கள் ஏழு. காரைக்குடியில் ஒரு வீட்டின் வளவில் (முற்றத்தைச் சுற்றிய கூடம்) ஏழு கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்கு ஒரு படம், கொட்டகையில் விற்ற அதன் பாட்டுப் புத்தகம், இரண்டு ஸ்டில், அரைப் பக்கக் குறிப்பு. முதல் பெட்டி ‘அந்த நாள்’. அந்தப் படத்தில் பாட்டே கிடையாது. பாட்டுப் புத்தகக் கண்காட்சியின் முதல் பெட்டியில் பாட்டில்லாத படம் இருப்பது தேர்வுக் குழுவிலிருந்த நாலு பேருக்கும் தெரியும், தெரிந்துதான் வைத்தோம். ஆச்சி முதலில் கேட்டதும் அதைத்தான்: “பாட்டில்லாத படத்துக்கு எந்தப் புத்தகத்த வைக்கப் போறீக?” ஸ்டில் மட்டும் வைப்போம் என்றோம். அடுத்து அவர் சொன்ன அந்த ஒரு வரிக்குத்தான் இன்றுவரை எனக்குச் சரியான பதில் அகப்படவில்லை.

ஓர் ஆண்டின் படங்களைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தால் முதல் சிக்கலே ஆண்டுதான். பாட்டுப் புத்தகத்தில் பெரும்பாலும் வருடம் போட்டிருக்காது. கம்பெனி பெயர், நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம், அது பாதியில் நிற்கும் இடத்தில் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’, பிறகு பாட்டுகள், மூலையில் விலை 2 அணா. அணாவில் விலை இருந்தால் அநேகமாக 1957 ஏப்ரலுக்கு முந்தையது என்று கொள்ளலாம், நயா பைசா வந்தது அப்போதுதான். அதற்கு மேல் நெருங்க நாளிதழ் விளம்பரத்துக்குப் போக வேண்டும். தியேட்டர் பெயரோடு ‘இன்று முதல்’ என்று வந்த விளம்பரம் மட்டுமே சாட்சி. ‘விரைவில் வருகிறது’ என்பதை நம்பித் தேதி போட்டால் மாட்டிக்கொள்வோம். அப்படி அறிவித்துவிட்டு மாதக்கணக்கில் இழுத்த படங்கள் நிறைய. தணிக்கைச் சான்றிதழின் தேதியை வைத்துக் கணக்கிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் ஒரு கோளாறு: மார்கழியில் சான்றிதழ் வாங்கிப் பொங்கலுக்குத் திரைக்கு வந்த படம் முந்தின வருடத்துக்குப் போய்விடும். நாங்கள் சென்னையில் வெளியான நாளை எடுத்துக்கொண்டோம். ஊருக்கு ஒரு தேதி என்று போனால் பட்டியல் முடியாது.

காரைக்குடிப் பக்கத்துக்கு அது பொருந்தாது என்பது அப்போதே தெரியும். பிரிண்ட்கள் குறைவு. சென்னை, மதுரை, திருச்சி, கோவையில் ஓடி, கீறல் விழுந்த பிறகுதான் படப்பெட்டி சின்ன ஊர்களுக்கு வரும். டூரிங் டாக்கீஸுக்கு வரும்போது சில சமயம் ஒரு ரீலில் நடுத்துண்டு இருக்காது. சிறுகூடல்பட்டிக்காரரான ஏ.எல். சீனிவாசன் தயாரித்த ‘பணம்’ 1952 டிசம்பர் கடைசியில் வந்தது. அவருடைய சொந்த ஊரைச் சுற்றியுள்ளவர்களுக்கு அது எப்படியும் 1953-இன் படமாகத்தான் இருந்திருக்கும். இதையெல்லாம் குழுவில் பேசினோம். பேசிவிட்டு, வசதிக்காகச் சென்னைத் தேதியிலேயே நின்றோம்.

அடுத்தது மதிப்பெண் தாள். ஐந்து தலைப்பு, தலைப்புக்கு 20: வடிவத்தில் புதுமை, தொழில்நுட்பம், அன்றைய வரவேற்பு, பின்னால் வந்த படங்களில் அதன் தடம், இன்று பார்க்கக் கிடைக்கிறதா. காகிதத்தில் நியாயமாகத் தெரிந்த இந்த முறை முதல் சுற்றிலேயே சறுக்கியது. ஐந்திலும் 13 வாங்கும் சுமாரான படம் 65-க்கு வந்துவிடும். ஒன்றில் 20 வாங்கி மற்றதில் எட்டும் ஒன்பதுமாக நிற்கும் படம் 55-ஐத் தாண்டாது. கூட்டல் போட்டால் சுமார்தான் ஜெயிக்கும். ஆகவே இரண்டாம் சுற்றில் தாளை மூடிவைத்துவிட்டு, ஒவ்வொருவரும் எந்தப் படத்துக்காகச் சண்டை போடத் தயார் என்று ஒரே ஒரு பெயரைச் சொல்ல வேண்டும் என்றோம். நாலு பெயரும் அப்படியே உள்ளே. மீதி மூன்று இடத்துக்கு மட்டும் மதிப்பெண். இதே வேலையைச் செய்யப்போகிறவர்களுக்கு இந்த வரிசையைத்தான் இப்போதும் சொல்வேன்.

முதல் கூட்டத்திலேயே ஆறாவதாக ஒரு தலைப்பு வந்தது: நம்ம ஊர்த் தொடர்பு. நான்தான் அதை அடிக்கச் சொன்னேன். காரைக்குடியில் இந்தத் தலைப்பை வைத்தால் ஏவி.எம். எடுத்த எல்லாமே உள்ளே வந்துவிடும். மெய்யப்பச் செட்டியார் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ போட்டு ‘நாம் இருவர்’ எடுத்ததும், 1948-இல் கோடம்பாக்கம் போனதும் இங்கே எல்லாருக்கும் மனப்பாடம். அந்தப் பாசத்தை வைத்து ஒரு வருடத்தை அளக்கக்கூடாது என்றேன். தலைப்பை அடித்தார்கள்.

நாலு பெயர்களில் சண்டையில்லாமல் வந்தது ‘மலைக்கள்ளன்’. கோவை பட்சிராஜாவில் ஸ்ரீராமுலு நாயுடு எடுத்தது. நாமக்கல் கவிஞர் கதை, கருணாநிதி வசனம், எம்.ஜி.ஆர்., பானுமதி. வசூலும் வந்தது, ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கமும் வந்தது. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்திலிருந்து எல்.வி. பிரசாத் எடுத்த ‘மனோகரா’ வசனத்துக்காகவே நின்றது. எம்.ஆர். ராதாவின் ‘ரத்தக்கண்ணீர்’, திருவாரூர் தங்கராசுவின் மேடை நாடகம் அப்படியே படத்துக்குள் புகுந்து மேடையை விட்டு இறங்க மறுத்த படம். நாலாவது என்னுடையது. 1943 அக்டோபரில் சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட இரவை வைத்து, சுடப்பட்டுச் செத்துக் கிடக்கும் ஒருவனைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்லும் ‘அந்த நாள்’. ஏவி.எம். தயாரிப்பு, வீணை எஸ். பாலசந்தர் இயக்கம், ஜாவர் சீதாராமன் வசனம். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. நாயகனாக வரும் சிவாஜி தொடக்கத்திலேயே பிணம்.

மீதி மூன்று இடத்துக்கு ஐந்து படங்கள் மோதின. அண்ணாதுரை எழுதிய ‘சொர்க்கவாசல்’, ஸ்ரீதர் கதை எழுதிய ‘எதிர்பாராதது’, எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த ஒரே படமான ‘கூண்டுக்கிளி’, வைஜயந்திமாலா நடித்த ‘பெண்’, ‘தூக்குத் தூக்கி’. முதல் மூன்றும் உள்ளே போயின. ‘தூக்குத் தூக்கி’ இரண்டு மதிப்பெண்ணில் வெளியே.

‘கூண்டுக்கிளி’ எனக்கு அப்போதே உறுத்தியது. அந்த இருவரும் இனிமேல் சேரவே மாட்டார்கள் என்பது 1954-இல் படம் பார்த்தவர்களுக்குத் தெரியாது. நமக்குத் தெரிகிறது, அதனால் அதற்குக் கனம் கூடுகிறது. ‘பின்னால் வந்த தடம்’ என்ற தலைப்பே இந்தக் குற்றத்தைச் செய்ய வைக்கிறது: அடுத்த எழுபது வருடத்தைக் கொண்டுபோய் அந்த ஒரு வருடத்தின் தலையில் ஏற்றுவது. ‘அந்த நாள்’ விஷயத்திலும் இதேதான். வந்தபோது அது சரியாக ஓடவில்லை. இன்றைய மரியாதையெல்லாம் பின்னால் சேர்ந்தது. ஆனால் அந்தப் படத்தின் மேல் எனக்குள்ள மதிப்பு இதனால் ஒரு அணா குறையவில்லை, குறையவும் கூடாது. பாட்டு வைக்காமல் படம் எடுக்க அந்த வருடத்தில் எத்தனை துணிச்சல் வேண்டும்!

ஆச்சி கொண்டுவந்த பையில் பன்னிரண்டு புத்தகம் இருந்தது. ‘தூக்குத் தூக்கி’ நடுவில். அதை எடுத்துப் பிரித்தார். முதுகில் அடித்த ஸ்டேபிள் துருவேறிக் காகிதத்தில் பழுப்பாக இரண்டு கோடு இறங்கியிருந்தது. ஓரங்களில் ராமபாணப் பூச்சி அரித்த வளைவு. கதைச் சுருக்கத்தில் ‘கொண்டு வந்தால் தந்தை, கொண்டு வந்தாலும் வராவிட்டாலும் தாய்’ என்று தொடங்கும் ஐந்து வாசகத்துக்கும் பக்கத்தில் ஒன்று, இரண்டு என்று பென்சிலில் எண் போட்டிருந்தது. ‘ஏறாத மலைதனிலே’ பாட்டுக்கு ஒரு டிக். ‘சுந்தரி சௌந்தரி’க்கு இரண்டு டிக். ‘பெண்களை நம்பாதே’ பாட்டின் குறுக்கே, மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரை, காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தி ஒரு கோடு.

“இதுக்கு மட்டும் ஏன் ஆச்சி கோடு?”

“அது எனக்குப் புடிக்கல. பன்னெண்டு வயசு அப்ப.”

பிறகு மெதுவாகச் சொன்னார். அப்பத்தாவுக்கு வாசிக்கத் தெரியாது. கொட்டகைக்குப் போய்வர வீட்டில் எல்லாரையும் விடவும் மாட்டார்கள். போனவர் வாங்கிவந்த புத்தகத்தை இவர்தான் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் உட்கார்ந்து பெண்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டுவாராம். கதைச் சுருக்கம் பாதியில் நின்றதும் மீதியை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்களாம். படம் பார்க்காதவர்களுக்கும் அந்தப் படம் தெரியும். “அந்த நாள் நான் டிவில பாத்தேன். நல்லாத்தான் எடுத்திருக்காக. ஆனா அது எங்க வருசத்துப் படம் இல்ல தம்பி, உங்க வருசத்துப் படம்.”

இதற்கு நான் சொன்ன பதில்தான் இன்னும் குடைகிறது. “நம்ம காரைக்குடிக்காரர் எடுத்த படமாச்சே ஆச்சி” என்றேன்.

நானே அடிக்கச் சொன்ன தலைப்பு. குழுவில் பாசம் கூடாது என்று பேசியவன், ஒரு கேள்வி வந்ததும் அதையே எடுத்து நீட்டினேன். இதை எத்தனையோ தடவை திருப்பிப் பார்த்துவிட்டேன். வடிவம், துணிச்சல், ஆளுக்கொரு கோணத்தில் கதை சொல்வது என்று எல்லாக் காரணமும் கையில் இருந்தது. அவற்றைச் சொல்லாததற்குக் காரணம், அவருக்கு அது விளங்காது என்று உள்ளூர நினைத்ததாகத்தான் இருக்க வேண்டும். ஒரு கதையின் பாதியை வாசித்து மீதியை ஆளுக்கொரு விதமாகச் சொன்ன கூட்டத்தில் வளர்ந்தவருக்கு ‘அந்த நாள்’ வடிவம் விளங்காதா? அதைச் சொல்லித்தான் நான் பேசியிருக்க வேண்டும். பெட்டிக்குப் பக்கத்தில் வைத்த அரைப் பக்கக் குறிப்பிலும் அது வந்திருக்க வேண்டும்.

என் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பாட்டுப் புத்தகத்தை வைத்தே ஒரு வருடத்தை அளந்தால், பாட்டுள்ள படமே ஜெயிக்கும். சிலோன் ரேடியோ, கிராமபோன் தட்டு, 2 அணாப் புத்தகம் என்று ஒரு படம் வீட்டுக்குள் நுழைய இருந்த வழியெல்லாம் பாட்டு வழி. பாட்டில்லாத படத்துக்குக் கொட்டகையைத் தவிர வேறு வாசல் கிடையாது. அங்கேயும் சீக்கிரம் தூக்கிவிட்டால் அதோடு சரி. அப்படிப்பட்ட படத்தை யாராவது பிடித்து நிறுத்தத்தானே தேர்வுக் குழு? இந்த வாதத்தில் எனக்கு இப்போதும் நம்பிக்கை உண்டு. ஆனால் இதே வாதத்தை வைத்து ‘தூக்குத் தூக்கி’யை வெளியே தள்ளியதை நியாயப்படுத்த முடியவில்லை. டி.எம். சௌந்தரராஜன் குரல் சிவாஜிக்கு ஒட்டிக்கொண்டது அந்தப் படத்தில், ஜி. ராமநாதன் இசையில். ‘பின்னால் வந்த தடம்’ என்ற தலைப்பில் அதற்கு 20-க்கு 20 போட்டிருக்க வேண்டும். நான் 11 போட்டேன். தாளை இப்போதும் வைத்திருக்கிறேன். ராஜா ராணிப் படம் என்ற இளக்காரம் அந்தப் பதினொன்றில் இருக்கிறது.

அட்டையை மாற்றியிருக்கலாம். பதினோரு நாள் இருந்தது. ‘கூண்டுக்கிளி’யை எடுத்துவிட்டு இதை வைத்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். முடிவான தேர்வை ஒருவர் சொன்னதற்காக மாற்றினால் அடுத்தவர் சொல்வதற்கும் மாற்ற வேண்டிவரும் என்று சக உறுப்பினரிடம் சொன்னேன். அது சரியான நடைமுறைதான். மாற்றாமல் இருக்க அது எனக்குச் சௌகரியமாகவும் இருந்தது.

கண்காட்சி பத்து நாள் நடந்தது. வளவில் முற்றத்து வெயில் பதினொன்றிலிருந்து இரண்டு மணிவரை நேராக இறங்கும். பழைய அச்சுக்கு அது விஷம். அந்த நேரத்துக்கு மட்டும் மேலே காடாத் துணி கட்டினோம். புத்தகத்தை விரித்துவைக்கும்போது முழுதாகத் திறக்காமல் ஆப்பு வைத்துச் சாய்வாகத்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் துருப்பிடித்த ஸ்டேபிள் இருக்கும் இடத்தில் தாள் விட்டுப்போகும். முதல் பெட்டியில் இரண்டு ஸ்டில்லும் குறிப்பும் மட்டும் இருந்தன. நிறையப் பேர் எட்டிப் பார்த்துவிட்டு, புத்தகத்தை யாராவது எடுத்துவிட்டார்களா என்று கேட்டார்கள்.

ஆச்சியின் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்குமுன் ஒவ்வொன்றுக்கும் அமிலமில்லாத காகிதத்தில் உறை செய்தோம். ‘தூக்குத் தூக்கி’யின் ஸ்டேபிளைத் தகட்டுக் கத்தியால் பின்பக்கமிருந்து நிமிர்த்தி எடுத்து, பருத்தி நூலால் தைத்தேன். செல்லோடேப் ஒட்டக்கூடாது, பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். கோடு போட்ட பாட்டுப் பக்கத்தில் கிழிசல் இருந்த இடத்துக்கு மட்டும் ஸ்டார்ச் பசையில் மெல்லிய ஜப்பான் தாள். கோட்டைத் தொடவில்லை. உறையின் மேல் மற்றதைப் போலவே படத்தின் பெயரும் 1954 என்ற ஆண்டும் எழுதினேன். உள்ளே போடும்போதுதான் பின்னட்டையைக் கவனித்தேன். விலைக்குக் கீழே பென்சிலில், குழந்தைக் கையெழுத்தில், ‘பங்குனி 55’.

உறையை மாற்றி எழுதவில்லை. 1954-க்குக் கீழே அதையும் எழுதிக் கொடுத்தேன். ஆச்சி வாங்கிப் பார்த்துவிட்டு, “ரெண்டு தேதி போட்டிருக்கீகளே” என்றார். ஆமாம் ஆச்சி என்றேன். பையில் வைத்துக்கொண்டார்.