ஓக்டேல் பள்ளியின் நான்கு பழைய மாணவர்கள்

பழைய மாணவர் மலரில் ஒரு றொக் இசைக்குழுவைப் பற்றி எழுதக் காரணம் இருக்கிறது. மனிக் ஸ்ட்ரீட் பிரீச்சர்ஸ் என்ற அந்த வேல்ஸ் குழுவின் நால்வரும் ஒரே பள்ளியின் பழைய மாணவர்கள். 1986 இல் தொடங்கிய குழு இன்றும் புதிய பாடல்களுடன் மேடையேறுகிறது. 1996 இளவேனிலில் பிரித்தானியாவில் வானொலி கேட்ட நம்மவர்களின் காதில் 'எ டிசைன் ஃபோர் லைஃப்' விழாமல் போயிருக்காது. அந்தப் பாட்டுக்குப் பின்னால் இருந்த உழைப்பைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

ஊர் பிளாக்வுட். தென் வேல்ஸின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில் ஒன்றில் இருக்கும் சிறு நகரம். பள்ளி பக்கத்து ஓக்டேலில். ஜேம்ஸ் டீன் பிராட்ஃபீல்ட் பாட்டும் முதன்மைக் கிற்றாரும். அவருடைய நெருங்கிய உறவினரும் அவருடன் ஒரே வீட்டில் வளர்ந்தவருமான ஷோன் மூர் டிரம்ஸ். நிக்கி வயர் பேஸ் கிற்றாரும் பாடல் வரிகளும். நான்காமவர் றிச்சி எட்வேர்ட்ஸ். 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தபோது இவர்கள் பதின்ம வயதினர். ஓக்டேல் சுரங்கம் 1989 இல் மூடப்பட்டது. இவர்களின் பாடல்களில் வர்க்கம், வேலை, நூலகம், தோல்வி என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வருவது படித்துப் பிடித்த கொள்கையால் மட்டுமல்ல, வீட்டு வாசலில் கண்டதாலும்தான்.

1988 இல் 'சூசைட் அலி' என்ற முதல் தட்டைச் சொந்தக் காசில் 300 பிரதிகள் அடித்தார்கள். எட்வேர்ட்ஸ் அப்போது குழுவில் இல்லை. அட்டைப் படத்தை எடுத்தவர் அவர். பிறகு வாகனம் ஓட்டி, சாமான் தூக்கி, அதன் பின்னரே உறுப்பினரானார். கிற்றார் அவருக்குச் சரியாக வராது. ஒலிப்பதிவில் அநேகமாக எல்லாக் கிற்றாரையும் பிராட்ஃபீல்டே வாசித்தார். அப்படியானால் எட்வேர்ட்ஸ் எதற்கு என்று அந்தக் காலத்தில் பலர் கேட்டார்கள். சொற்களுக்காக, என்பதே பதில்.

இந்தக் குழுவின் வேலைமுறையை விளங்கிக்கொள்ளாமல் பாடல்களைக் கேட்பதில் பயனில்லை. நம் திரைப்பாட்டில் பெரும்பாலும் மெட்டு முதலில் வரும், கவிஞர் அதற்குள் சொல்லை இருத்துவார். இங்கே நேர்மாறு. வயரும் எட்வேர்ட்ஸும் வரிகளை எழுதிக் கொடுப்பார்கள். பிராட்ஃபீல்டும் மூரும் அதற்கு இசை அமைப்பார்கள். வரிகள் பெரும்பாலும் சந்தம் பார்க்காத உரைநடை. ஒரு வரியில் ஆறு அசை, அடுத்ததில் பதினான்கு. அதனால் பிராட்ஃபீல்ட் சொல்லை நடுவில் உடைக்கிறார், அழுத்தத்தை எதிர்பாராத அசையில் வைக்கிறார், மூச்சை வாக்கியத்தின் இடையில் எடுக்கிறார். முதல் தடவை கேட்பவருக்கு ஒன்றும் விளங்காததற்குக் காரணம் வேல்ஸ் உச்சரிப்பு அல்ல, இதுதான். இறுவட்டின் உள்ளட்டையில் உள்ள வரிகளை முதலில் வாசித்துவிட்டுக் கேட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

1992 பெப்ரவரியில் வந்த முதல் தொகுப்பு 'ஜெனரேஷன் டெரரிஸ்ற்ஸ்'. ஒரு கோடியே அறுபது இலட்சம் விற்போம், பிறகு கலைந்துவிடுவோம் என்று அறிவித்தார்கள். இரண்டும் நடக்கவில்லை, பிரித்தானியப் பட்டியலில் 13 ஆம் இடம். பதினெட்டுப் பாடல்கள் அதிகம். பத்தோடு நிறுத்தியிருந்தால் தொகுப்பு இன்னும் பலமாக இருந்திருக்கும் என்பது என் திடமான எண்ணம். இன்னொன்று: அதில் டிரம்ஸ் நிரலாக்கம் செய்யப்பட்டது, கையால் அடித்ததல்ல. 'மோட்டர்சைக்கிள் எம்ப்டினெஸ்' பாட்டைப் பழகும் பிள்ளைகள் பதிவிலுள்ள அந்த வழுவழுப்பைக் கையால் அடித்துப் பிடிக்க முயன்று களைத்துப்போகிறார்கள். மேடைப் பதிவைக் கேட்டுப் பழகுவதே சரி.

1994 ஓகஸ்ட்டில் வந்த மூன்றாம் தொகுப்பு 'த ஹோலி பைபிள்'. கார்டிஃபில் ஒரு சின்ன, மலிவான ஒலிப்பதிவுக் கூடத்தில் செய்தார்கள். எதிரொலி குறைவு, கிற்றார் கத்தி மாதிரிக் கூர். வரிகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு எட்வேர்ட்ஸ் எழுதியவை: உடல் மெலிவு, வதைமுகாம், தண்டனை. அவர் அப்போது கடுமையாக நோயுற்றிருந்தார். இந்தத் தொகுப்பை மனம் தளர்ந்திருக்கும் நேரத்தில் தனியாக இருந்து கேட்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அதன் பெருமையைக் குறைக்க இதைச் சொல்லவில்லை.

1995 பெப்ரவரி 1 ஆம் திகதி, அமெரிக்காவுக்குப் புறப்பட வேண்டிய நாளில், எட்வேர்ட்ஸ் லண்டன் ஹோட்டலை விட்டுப் போனார். அவரது கார் செவேர்ன் பாலத்துக்கு அருகிலுள்ள நெடுஞ்சாலைத் தரிப்பிடத்தில் கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை. 2008 இல் சட்டப்படி இறந்தவராகக் கருதப்பட்டார். குடும்பத்தாரின் சம்மதத்தோடு மற்ற மூவரும் தொடர்ந்தார்கள். வருமானத்தில் கால் பங்கை அவருக்கென்று ஒதுக்கியும் வைத்தார்கள். ஒரு வகுப்புத் தோழனுக்கு இதைவிட வேறென்ன மரியாதை செய்ய முடியும்?

1996 மே மாதம் வந்த 'எவ்ரிதிங் மஸ்ற் கோ' பிரான்ஸின் நோர்மண்டியில் மைக் ஹெட்ஜஸ் தயாரிப்பில் உருவானது. அதில் ஐந்து பாடல்களில் எட்வேர்ட்ஸின் வரிகள் இருக்கின்றன. மறுவருடம் சிறந்த குழு, சிறந்த தொகுப்பு என இரண்டு பிரிட் விருதுகள். 'எ டிசைன் ஃபோர் லைஃப்' பாட்டின் முதல் வரி, நூலகங்கள் எங்களுக்கு வலிமை தந்தன என்பது. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை அறிந்தவர்களுக்கு அந்த வரியை விளக்கத் தேவையில்லை. 2009 இல் கார்டிஃப் மத்திய நூலகத்தின் புதிய கட்டடத்தைத் திறந்துவைக்க இவர்களையே அழைத்தார்கள்.

கலைவிழா மேடைகளில் அந்தப் பாட்டை வாசிக்க விரும்பும் இளையவர்களுக்கு ஒரு குறிப்பு. அது திஸ்ர நடை. வழமையான நாலு தட்டில் பழகிய டிரம்ஸ்காரர் முதல் நிமிடத்திலேயே ஓட்டத்தைக் குலைத்துவிடுவார். மூன்று மூன்றாக வாயால் எண்ணியபடி பழக வேண்டும். சரணத்தில் கிற்றார் ஒவ்வொரு தந்தியாக மீட்டுவது. அங்கே முழுத் தந்தியையும் வாரி அடித்தால் பல்லவி எழும்ப இடமே இருக்காது. வயலின் கூட்டம் இல்லாவிட்டால் ஒரு கீபோர்டாவது வேண்டும். இல்லாமல் வாசித்தால் பல்லவி மெலிந்துபோகும். கடைசியில் டிரம்ஸ் மட்டும் புரண்டு புரண்டு வரும் பகுதியை வெட்ட வேண்டாம்.

1998 இல் 'திஸ் இஸ் மை ற்றூத் ரெல் மீ யோர்ஸ்' முதலிடம் பிடித்தது. தலைப்பு அனைரின் பெவனின் கூற்று. நம் சங்கத்து மருத்துவர்களும் தாதியரும் வேலை செய்யும் தேசிய சுகாதார சேவையை 1948 இல் நிறுவியவர். பிளாக்வுட் இருக்கும் அதே பள்ளத்தாக்கின் தலைமாட்டிலுள்ள ட்ரெடீகரில் பிறந்தவர். அந்தத் தொகுப்பிலிருந்து முதலில் தனியாக வெளியிட்ட பாட்டு, ஸ்பானிய உள்நாட்டுப் போருக்குத் தொண்டர்களாகப் போன வேல்ஸ்காரர்களைப் பற்றியது. அதுவே இவர்களின் முதலாவது முதலிடப் பாட்டு. 1999 வருட இறுதி இரவில் கார்டிஃப் மிலேனியம் அரங்கு நிறைந்தது. 2001 பெப்ரவரியில் ஹவானாவில் பாடியபோது ஃபிடெல் காஸ்ட்ரோ வந்து கேட்டார்.

பிறகு சில தளர்ந்த ஆண்டுகள். 2007 இல் மீண்டும் வேகம். 2009 இல் 'ஜேர்னல் ஃபோர் பிளேக் லவர்ஸ்'. எட்வேர்ட்ஸ் போவதற்குச் சில வாரங்களுக்கு முன் நண்பர்களிடம் கொடுத்த கோப்பிலிருந்த வரிகளே முழுவதும். பதினான்கு வருடம் காத்திருந்து, அவசரப்படாமல் செய்த வேலை. என்னைக் கேட்டால் இவர்களின் மிக நேர்மையான தொகுப்பு இதுதான். 2021 இல் 'த அல்ட்ரா விவிட் லமென்ற்' 23 வருடங்களின் பின் மீண்டும் முதலிடம் பிடித்தது; 2025 பெப்ரவரியில் பதினைந்தாவது தொகுப்பு 'கிரிட்டிக்கல் திங்கிங்' வந்தது.

வாங்குவோருக்கு: 'த ஹோலி பைபிள்' என்றால் 2004 பதிப்பைத் தேடுங்கள்; அமெரிக்காவுக்கென்று செய்து அங்கு வெளிவராமலே போன, ஒலிகளை வேறு விதமாகச் சேர்த்த மாற்றுக் கலவையும் அதில் உண்டு. 2001 இல் வந்த 'நோ யோர் எனிமி' தொகுப்பின் 2022 பதிப்பு, முதலில் திட்டமிட்டபடி இரண்டு தனித் தொகுப்புகளாகப் பிரிக்கப்பட்டது. 2001 பதிப்பைவிடக் கேட்க இலகு. ஆனால் 'திஸ் இஸ் மை ற்றூத்' தொகுப்பின் 2018 பதிப்பில் 'நோபடி லவ்ட் யூ' என்ற பாட்டை எடுத்துவிட்டு வேறொன்றைச் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பாட்டு வேண்டுமானால் பழைய 1998 இறுவட்டையே வாங்குங்கள்.