மங்கலாக எரிந்த பல்பு

உதவிப் பொறியாளராக நான் வேலையில் சேர்ந்தது 1998இல், திருத்துறைப்பூண்டிப் பக்கம் மின்வாரியத்தின் ஒரு பிரிவு அலுவலகத்தில். மின்மாற்றிக் கணக்குகள் தலைகீழ்ப் பாடம். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளையும் படித்திருந்தேன். கம்பத்தில் ஏறுகிறவன் எதை நம்பி ஏறுகிறான் என்பது மட்டும் தெரியாது. அதைக் கற்றுத்தந்தவர் எங்கள் போர்மேன். பதவியில் எனக்குக் கீழே, வயதில் என் அப்பாவுக்குச் சமம். அவர் என்னை சார் என்பார். நான் அவரை அண்ணன் என்பேன்.

முதல் வாரமே என்னை நடக்க வைத்தார். துணை மின் நிலைய வாசலில் தொடங்கி, அங்கிருந்து ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் 11,000 வோல்ட் பீடரின் கடைசி மின்மாற்றி வரை, வரப்பிலேயே மூன்று நாள் காலை நடை. எந்தக் கம்பம் சாய்ந்திருக்கிறது, எந்த இன்சுலேட்டரில் கீறல், எந்தத் தென்னையின் மட்டை கம்பியில் விழும் என்பதெல்லாம் ஐப்பசி மழைக்கு முன் கண்ணில் பதிந்துவிட வேண்டும் என்றார். ஜீப் இருக்கும்போது நடப்பானேன் என்று எனக்கு எரிச்சல். அடுத்த மாதம் நள்ளிரவில் அந்த பீடர் டிரிப் ஆகி மின்சாரம் நின்றபோது, பாயிலிருந்து எழும்போதே எங்கே தேடுவது என்று எனக்குத் தெரிந்தது.

கார்த்திகையில் ஒரு மாலை. காற்றில் ஒரு தெருவின் தாழ்வழுத்தக் கம்பி அறுந்துவிட்டது. மின்மாற்றியில் பியூஸ் கட்டைகளைப் பிடுங்கியாயிற்று. இருட்டுகிறது, சனம் சத்தம் போடுகிறது. ஏறச் சொல்லிவிட்டேன். லைன்மேன் கம்பத்தில் கை வைத்த நேரம், அண்ணன் அவருடைய இடுப்பு பெல்ட்டைப் பிடித்து நிறுத்தினார். தெருக்கோடியைக் காட்டினார். ஒரு கூரை வீட்டில் பல்பு ஒன்று, அகல் விளக்கு அளவுக்கு, மங்கலாக எரிந்துகொண்டிருந்தது.

மின்சாரம் நிறுத்திய தெருவில் பல்பு எப்படி எரியும்? பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் ஓடியது. தெரு மின்சாரத்தையும் ஜெனரேட்டரையும் பிரித்து வைக்கும் மாற்றுச் சுவிட்ச் வைக்காமல் நேராக இணைத்திருந்தார்கள். அது மண்டபத்தோடு நிற்காமல் எங்கள் கம்பியிலும் பாய்ந்துகொண்டிருந்தது. நான் அந்த வீட்டை இரண்டு முறை பார்த்திருந்தேன். பார்த்தும் உறைக்கவில்லை.

ஆட்கள் முன்னால் அவர் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. ஜெனரேட்டரை நிறுத்தச் சொல்ல என்னையே அனுப்பினார். பிறகு டெஸ்ட் விளக்கால் ஒவ்வொரு கம்பியாகப் பார்த்து, கம்பியைத் தரையோடு இணைத்து எர்த் போட்டார். முதலில் தரைப்பக்கம், அப்புறம்தான் கம்பிப்பக்கம். கழற்றும்போது கம்பிப்பக்கம் முதலில். ஏன் அந்த வரிசை என்று என்னிடம் கேட்டு, நான் சொல்லும் வரை காத்திருந்தார்.

வேலை முடிந்து டீக்கடையில்தான் மற்றதைப் பேசினார். மின்மாற்றிக்கு மேல் கீழ் தெரியாது சார், கட்டையைப் பிடுங்காமல் விட்டிருந்தால் இங்கே நுழைகிற 400 வோல்ட் மேலே 11,000 ஆகப் போயிருக்கும், எங்கோ நாலு ஊர் தள்ளி, மின்சாரம் நிறுத்தியாயிற்று என்று லைன் கிளியர் வாங்கி வேலை செய்கிறவன் செத்திருப்பான் என்றார். அந்த விகிதத்தைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். அது அந்தத் தெருவில் இருக்கிறது என்பது அன்று தெரிந்தது.

வழிகாட்டி என்று அவரைச் சொல்ல எனக்கு மனம் ஒப்புவதில்லை. முச்சந்தியில் நிற்கும் கைகாட்டி மரமும் வழி காட்டத்தான் செய்கிறது. இவர் கூடவே நடந்தார். என் தவறு ஓர் உயிரைக் கொண்டுபோகும் முன் குறுக்கே கை நீட்டுகிற தூரத்தில் எப்போதும் நின்றார்.

இன்று புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு நாள் வகுப்பு, ஒரு கையேடு, ஒரு ஜோடி ரப்பர் கையுறை. மறுநாளே கம்பம். பக்கத்தில் நிற்க ஆள் இல்லை. இருந்தவர்கள் ஓய்வுபெற்றுப் போனார்கள், அந்த இடங்கள் பல காலியாகவே கிடக்கின்றன. இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

எங்கள் பிரிவில் திங்களன்று ஒரு பெண் உதவிப் பொறியாளராகச் சேர்ந்திருக்கிறார். நாளை காலை ஆறு மணிக்குத் துணை மின் நிலைய வாசலுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். ஜீப் எத்தனை மணிக்கு வரும் சார் என்று கேட்டார். ஜீப் வேண்டாம் அம்மா, வரப்பில் வழுக்காத செருப்பாகப் போட்டுக்கொண்டு வாருங்கள் என்றேன்.