மின்விசிறி சுழல்கிறது, திரை மட்டும் இருட்டு

நேற்றிரவு வீட்டுக் கணினியை இயக்கியபோது மின்விசிறி சுழன்றது, விளக்கும் எரிந்தது. திரையில் மட்டும் எதுவும் தோன்றவில்லை. மானிட்டரை அதே கேபிளுடன் மடிக்கணினியில் இணைத்ததும் படம் தெளிவாக வந்ததால், கோளாறு கணினிப் பெட்டிக்குள்தான் என்பது உறுதியாயிற்று. படத்தைத் திரைக்கு அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு தனியாக இருக்கும்போது, கேபிளை அதில் செருகாமல் மதர்போர்டில் (கணினியின் முதன்மைப் பலகையில்) செருகிவிட்டுத் திகைப்பவர்கள் உண்டு (நானும் ஒருமுறை அப்படித் திகைத்தவன்தான்). இம்முறை காரணம் அதுவன்று.

மின் இணைப்பைத் துண்டித்து, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி எஞ்சிய மின்சாரத்தை வெளியேற்றிய பின், கணினியின் தற்காலிக நினைவகமான 2 ரேம்களையும் கழற்றி ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தேன். முதலாவதுடன் கணினி உடனே விழித்துக்கொண்டது. இரண்டாவதை எந்த ஸ்லாட்டில் செருகினாலும் திரை இருண்டே கிடந்ததால், பழுது ஸ்லாட்டில் இல்லை, அந்த ரேமில்தான். இப்போதைக்குக் கணினி 8 ஜிபி ரேமில் ஓடுகிறது, சற்று நிதானமாக.